வெட்டாத கத்தி

ஒரு பொருளால் எவ்வுயிர்க்கும் தீங்கு நேரவில்லை என்பது, அப்பொருளை நாம் வைத்திருப்பதற்குப் போதிய நியாயம் ஆகுமா? இவ்வினாவை எழுப்பியவர், வந்தவாசிப் பகுதியிலிருந்து பணியின் பொருட்டுக் குடிபெயர்ந்து ஒட்டன்சத்திரத்தில் வாழும் நம் சமூகத்து இளைஞர் ஒருவர். நாள்தோறும் ஜினபூசை செய்பவர். இரவு உணவைத் தவிர்ப்பவர். மடக்குக் கத்திகளைச் சேகரிப்பது அவருடைய ஓய்வுநேர விருப்பம். "கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட குலத்தில் பிறந்து கத்தி சேர்ப்பதா?" என்று உறவினர் சிலர் அவரைக் கடிந்துகொண்டனராம். அதற்கு அவர் கூறும் மறுமொழி எளிதில் தள்ளத்தக்கதன்று.

"ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் விடியற்காலை முதல் எத்தனையோ கத்திகள் இயங்குகின்றன. சாக்குத் தையலைப் பிரிக்கின்றன, முருங்கைக் கட்டின் கயிற்றை அறுக்கின்றன, காம்பைச் சீவுகின்றன. என் கத்திகளோ பெட்டியை விட்டு வெளிவந்ததில்லை. ஒரு நூலைக்கூட அவை அறுத்ததில்லை. எனவே, உலகில் உள்ள கத்திகளுள் குற்றமற்றவை என்னுடையவையே அல்லவா?" என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தை ஆராயுமுன், அவர் பெரிதும் போற்றும் கத்தியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். சுவிட்சர்லாந்து நாட்டின் இபாக் என்னும் சிற்றூரில் 1884-ஆம் ஆண்டு கார்ல் எல்செனர் என்பவர் கத்திப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அக்காலத்தில் கத்தித் தொழிலுக்குப் பெயர்பெற்றது ஜெர்மனியின் சோலிங்கன் நகரம். தம் நாட்டுப் படைவீரர்க்கு வேண்டிய கத்திகளைத் தம் நாட்டுத் தொழிலாளரே செய்தல் வேண்டும், அதனால் பலர்க்கு வேலை கிடைக்க வேண்டும் என்று கருதிய எல்செனர், கத்தித் தொழிலாளர் சங்கம் ஒன்றை அமைத்து 1891-இல் படைக்குக் கத்திகளை வழங்கலானார். அலகு ஒன்று, துளையிடும் ஊசி ஒன்று, தகர டப்பா திறக்கும் கருவி ஒன்று, திருப்புளி ஒன்று. இவை நான்கும் ஒரே மரப்பிடிக்குள் மடங்கின. உணவு டப்பாவைத் திறக்கவும், துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டவும் அதுவே உதவிற்று. அம்முயற்சியில் அவர் பெரும் நட்டமடைந்தார். பின்னர், சிறிய அலகு ஒன்றையும் மதுப்புட்டியின் தக்கையை எடுக்கும் திருகு ஒன்றையும் கூட்டி, எடை குறைந்த கத்தியொன்றை வடிவமைத்து, 1897 ஜூன் 12-ஆம் நாள் பதிவு செய்தார். அதுவே அவர் நிறுவனத்தை நிலைநிறுத்தியது. அவர் அன்னையின் பெயர் விக்டோரியா. அப்பெயரோடு துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்னும் சொல் 1921-இல் சேர்ந்து 'விக்டோரினாக்ஸ்' ஆயிற்று.

அந்த 1897-ஆம் ஆண்டுக் கத்தியின் 125-ஆம் ஆண்டு நிறைவை முன்னிட்டு, 2022-இல் அந்நிறுவனம் பழைய வடிவிலேயே ஒரு சிறப்புப் பதிப்பை வெளியிட்டது. உலகம் முழுமைக்கும் 9,999 கத்திகள் மட்டுமே என அறிவிக்கப்பட்டது. இத்தகைய சிறப்புப் பதிப்புகளைப் பற்றிச் சேகரிப்போரிடையே கருத்து ஒன்றுபடுவதில்லை என்கிறார் நம் இளைஞர். பெட்டியைத் திறவாமலும் அலகை விரியாமலும் காப்பதே முறை என்பர் ஒரு சாரார். விரலின் ஈரம் பட்டாலும் மதிப்புக் குறையும் என்பது அவர்தம் அச்சம். கத்தி என்பது வெட்டுவதற்கே அமைந்தது; வெட்டாத கத்தியைக் கத்தி என்பது பொருந்தாது; நூற்றாண்டு கொண்டாட விரும்புவோர் அதைச் சட்டைப்பையில் வைத்துப் பயன்படுத்துதல் வேண்டும் என்பர் மற்றொரு சாரார். படி எடுத்த வடிவம் மூலத்திற்கு ஈடாகாது, நிறைவு விழா என்பது விற்பனைக்கு ஒரு சாக்கு என்பர் வேறு சிலர்.

இம்மூன்று கருத்துகளும் நம் அறநூல்கள் ஆராய்ந்த ஒரு பொருளையே தொட்டு நிற்கின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நலம். கூரிய இரும்பை நம் சமயம் தீண்டத்தகாததாக ஒதுக்கியதில்லை. ஆதிபகவன் விருஷபதேவர் மக்களுக்கு வகுத்தளித்த தொழில்கள் ஆறனுள் வாள் முதலாவது, எழுத்து இரண்டாவது, அவற்றின்பின் உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் என்பன வருகின்றன. உழவையே வாழ்வாகக் கொண்ட நம் முன்னோர் வீடுகளில் அரிவாளும் அரிவாள்மணையும் இல்லாத வீடு ஏது? அன்றியும், மடக்குக் கத்தி நமக்கு மேலைநாட்டார் காட்டிய புதுமையுமன்று. ஒரு புறம் எழுத்தாணியும் மறு புறம் ஓலையைச் சீர்செய்யும் கத்தியுமாக அமைந்து, இரண்டும் பிடிக்குள் மடங்கும் மடக்கெழுத்தாணியைத் தமிழர் பன்னெடுங்காலம் வழங்கினர். வாளும் எழுத்தும் ஒரே பிடிக்குள் அடங்கிய கருவி அது. நூல்களைப் படியெடுத்து வழங்கும் சாத்திர தானத்தைப் பெரும் புண்ணியமாகக் கருதிய சமூகத்தில், ஓலையின் ஓரத்தைச் சீவிய அக்கத்தி அறத்திற்குத் துணைநின்ற கத்தியே ஆகும்.

ஆயினும் கருவிகளைப் பற்றி நம் ஆசாரியர்கள் எச்சரிக்காமல் விட்டாரல்லர். சமந்தபத்திராசாரியார் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பயனின்றிச் செய்யும் தீவினைகளாகிய அநர்த்த தண்டங்கள் ஐந்தைக் கூறுமிடத்து, கொலைக்கு ஏதுவாகும் கருவிகளைப் பிறர்க்கு ஈதலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். அந்நூலின் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் இவ்விரதத்தை எடுத்துரைக்கிறது. கோடரி, வாள் ஆகியவற்றோடு மண்வெட்டியையும் நெருப்பையும் ஆசாரியர் சேர்த்து எண்ணியிருப்பது நோக்கத்தக்கது. மண்வெட்டி இன்றி உழவில்லை. நெருப்பு இன்றிச் சமையலில்லை. ஆகவே கருவியின் மேல் அவர் குற்றம் சாற்றவில்லை. அதைக் கொலைக்கு வழியாக்கும் செயலின் மேலேயே குற்றம் வைத்தார். நாட்டுச் சட்டமும் ஓரளவு இவ்வழியே செல்கிறது. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள், ஒன்பது அங்குலத்தினும் நீண்ட அல்லது இரண்டு அங்குலத்தினும் அகன்ற அலகுடைய கத்திகளைப் படைக்கலமாகக் கொண்டபோது, வீட்டுக்கும் உழவுக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் எனச் செய்யப்பட்டவற்றை விலக்கின. எனினும் சட்டம் அலகின் அளவையும் அது செய்யப்பட்ட நோக்கத்தையும் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது; அறம் வைத்திருப்பவனின் உள்ளத்தையும் பார்க்கிறது.

இதுவரை நோக்கியவிடத்து, இளைஞர் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றும். அவர் கத்தியால் எவ்வுயிரும் வருந்தவில்லை. கொலை நோக்கத்தோடு எவர்க்கும் அவர் அதை ஈந்ததுமில்லை. உறவினர் கடிந்தது கொல்லாமையின் பெயரால். அவ்விடத்து அவர் குற்றமற்றவரே.

ஆனால் இல்லறத்தார்க்கு விதித்த அணுவிரதங்கள் ஐந்து. கொல்லாமை முதலாவது, மிகுபொருள் விரும்பாமை ஐந்தாவது. முதலாவதில் தேறியவர் ஐந்தாவதிலும் தேறிவிட்டதாகக் கொள்ளுதல் கூடாது. தத்துவார்த்த சூத்திரம் செய்த உமாசுவாமி ஆசாரியார், உடைமை என்பதைப் பொருளைக் கொண்டு வரையறுக்கவில்லை. மூர்ச்சையைக் கொண்டு, அதாவது மயக்கத்தோடு கூடிய பற்றைக் கொண்டு வரையறுத்தார். ஒரு பொருள் கையில் இருப்பதனாலேயே உடைமையாவதில்லை. அதனிடம் உள்ளம் மயங்கி ஒட்டிக்கொள்வதே உடைமை. அம்மயக்கம் இருப்பின், கையில் ஒன்றுமில்லாதவனும் உடைமையாளனே.

இவ்வளவுகோலைக் கொண்டு இரு கத்திகளை ஒப்பிடுவோம். சந்தைத் தொழிலாளியின் கத்தி தேய்கிறது. பக்கத்துக் கடைக்காரர் கேட்டால் கைமாறுகிறது. தொலைந்தால் மறுநாள் வேறொன்று வாங்கப்படுகிறது. அக்கத்தியைப் பற்றி அவர் இரவில் எண்ணுவதில்லை. பெட்டிக் கத்தியோ தேய்வதில்லை, கைமாறுவதில்லை, அதன் உரிமையாளர் உறங்கும்போதும் அவர் உள்ளத்தில் விழித்திருக்கிறது. ஈரம் பட்டதோ, பிறர் தொட்டாரோ, விலை ஏறிற்றோ என்னும் கவலையை அது நாள்தோறும் வளர்க்கிறது. சந்தைக் கத்தி கயிற்றை அறுத்தது. பெட்டிக் கத்தியோ உரிமையாளரையே கட்டிற்று. வெட்டாமையால் அது தூயதாயிற்று என்பது இளைஞரின் எண்ணம். உண்மையில், பயன் முழுவதும் நீங்கிவிட்டமையால் அதில் எஞ்சி நிற்பது பற்று ஒன்றே.

சிறப்புப் பதிப்பின் எண்ணிக்கையையும் இவ்விடத்துச் சிந்தித்தல் வேண்டும். 9,999 என்பது இயற்கையில் அமைந்த அருமையன்று. இரும்பும் உண்டு, இயந்திரமும் உண்டு, தொழிலாளரும் உண்டு. பத்தாயிரமாவது கத்தியைச் செய்யத் தடையேதும் இல்லை. பிறர்க்குக் கிடைக்காது என்பதே இங்கு விற்கப்படும் சரக்கு. பலர்க்கு வேலை கிடைக்க வேண்டும் என்று தொடங்கிய ஒருவரின் கைத்தொழில், சிலர்க்கே கிடைக்க வேண்டும் என்னும் பதிப்பாக நினைவுகூரப்படுகிறது. இதனை வணிகத்தின் குற்றமாக மட்டும் கூறிவிட இயலாது. வாங்குவோர் உள்ளத்தில் அவ்வேட்கை இல்லாவிடின் அவ்வெண்ணுக்கு மதிப்பில்லை.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. பழம்பொருளைக் காத்தல் நற்செயல் அன்றோ? நல்ல தொழில்வன்மையைப் போற்றுதல் குற்றமாகுமோ? ஆகாது. ஒட்டன்சத்திரத்திற்கும் பழனிக்கும் அண்மையில் உள்ள ஐவர்மலையே இதற்குச் சான்று. அங்கே பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. வரகுண பாண்டியன் காலத்தில், சக ஆண்டு 792-இல், அதாவது பொ.ஆ. 870-இல், குணவீரக்குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக்குரவர் அங்குப் பார்சுவபடாரரையும் இயக்கியரையும் புதுப்பித்து, வழிபாட்டிற்காக 505 காணம் பொன் வைத்ததைக் கல்வெட்டு கூறுகிறது. பழையதைப் புதுப்பித்துக் காப்பது நமக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மரபு. ஆனால் அவர் காத்தது மலைமேல் ஏறி வருவோர் அனைவரும் வணங்குதற்கு; பூட்டிய பெட்டியில் வைப்பதற்கன்று. காத்தல் என்னும் ஒரு சொல்லுள் இரு செயல்கள் உள்ளன. ஒன்று பிறர்க்காகக் காத்தல். மற்றொன்று பிறரிடமிருந்து காத்தல்.

ஆகவே, எதனையும் சேகரிப்போர் தம்மைத் தாமே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்ளலாம். இப்பொருள் இன்று தொலைந்தால் என் உள்ளம் எவ்வளவு கலங்கும்? தகுதியுடைய ஒருவர் பார்க்கவோ பயன்படுத்தவோ கேட்டால் மகிழ்வோடு கொடுப்பேனா? இத்தனையே போதும் என்று எண்ணிக்கை வகுத்து, அதற்குமேல் வாங்காதிருக்க என்னால் இயலுமா? மூன்றாவது வினாவே பொருள்களுக்கு அளவு வரைந்துகொள்ளும் நம் ஐந்தாம் விரதம். திகம்பர முனிவர் மயிற்பீலியும் கமண்டலமும் அன்றி ஏதும் கொள்ளார். தலைமயிரைக் களையக் கத்தியும் தேடாது கையாலேயே பறித்துக் களைவர். அந்நிலை இல்லறத்தார்க்கு விதிக்கப்படவில்லை. விதிக்கப்பட்டது அளவு ஒன்றே. ஒரு கத்தியை விரும்பி வைத்து, அதன் வரலாற்றைப் பிள்ளைகட்குக் கூறி, வேண்டும்போது அதனால் ஒரு கனியையும் அரிந்து உண்பவரை எவரும் குறைகூற வேண்டியதில்லை.

இளைஞரை நோக்கி இத்தனை கூறும் மூத்தோராகிய நாம், நம் பேழைகளையும் திறந்து பார்த்தல் கடமை. 1880-இல் சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவகசிந்தாமணியை ஆராயத் தொடங்கிய உ.வே. சாமிநாதையருக்கு அந்நூலின் சமயக் கருத்துகள் விளங்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த நம் சமூகத்தார் வீட்டுக் கதவுகள் அவருக்குத் திறந்தன. சந்திரநாத செட்டியார் போன்றோர் தாம் வழிவழியாகக் கற்றதை மறைக்காது கூறினர். 1887-இல் சிந்தாமணி அச்சேறித் தமிழுலகம் முழுமைக்கும் உரியதாயிற்று. "எங்கள் நூல், எங்கள் வீட்டுப் பொருள்" என்று அன்று அவர்கள் கதவை அடைத்திருந்தால் எவ்வளவு இழப்பு நேர்ந்திருக்கும்!

இன்றும் நம் வீடுகள் சிலவற்றில், பாட்டனார் படித்த ஏட்டுச் சுவடிகள் பரண்மேல் பெட்டியில் உள்ளன. படிப்பாரும் இல்லை, படிப்பார்க்குக் கொடுப்பாரும் இல்லை. கேட்டால் "குடும்பச் சொத்து" என்கிறோம். அவ்வோலைகளைச் சீவிய மடக்கெழுத்தாணியும் துருவேறி அதே பெட்டியில் கிடக்கக்கூடும். வெட்டாத கத்தியால் உலகுக்கு இழப்பொன்றும் இல்லை. படிக்கப்படாத ஏட்டை ஆண்டுதோறும் பூச்சி அரிக்கிறது. சேகரிக்கும் இளைஞரைக் கடிந்துகொள்வதற்குமுன், நம் பெட்டிகளில் உள்ளவற்றுள் எவை பிறர்க்காகக் காக்கப்படுகின்றன, எவை பிறரிடமிருந்து காக்கப்படுகின்றன என்று பிரித்தறிவோமாக. இரண்டாம் வகையில் ஒன்றையேனும் இவ்வாண்டிலேயே கற்போர் கையில் சேர்ப்பிப்போமாக.