கையை விடுங்கள், குரல் கொடுங்கள்

அடையாறு பேருந்து நிறுத்தத்தில் 29சிக்காக நின்றுகொண்டிருந்தேன். சாலையைக் கடக்க வேண்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை. ஒருவர் வந்தார், "வாங்க சார்" என்றார், மணிக்கட்டைப் பிடித்தார். தரதரவென்று எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டார். புண்ணியம் சேர்ந்த திருப்தி அவருக்கு. என் பேருந்து நான் முதலில் நின்ற பக்கம் வந்து, நின்று, போயும் விட்டது. இன்னொரு நாள் அதே நிறுத்தத்தில் நீட்டிய உள்ளங்கையில் ஐந்து ரூபாய் விழுந்தது. மழை தூறுகிறதா என்று பார்க்கக் கையை நீட்டியிருந்தேன்.

சிரித்துவிட்டீர்களா? சரி. இனி கொஞ்சம் கேளுங்கள்.

பார்வையற்றவர் தனியாக ஊர் சுற்றுவது இன்று அதிசயமில்லை. 2009இல் ஐபோனுக்கு வாய்ஸ்ஓவரும் ஆண்ட்ராய்டுக்கு டாக்பேக்கும் வந்தன. வழவழவென்ற கண்ணாடி எங்கள் விரலுக்குப் பேசத் தொடங்கியது. 2018இல் மைக்ரோசாஃப்ட் சவுண்ட்ஸ்கேப் என்று ஒரு செயலியை வெளியிட்டது. போக வேண்டிய இடம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையிலிருந்தே காதில் ஒரு ஒலி கேட்கும். கோயில் மணி கேட்கிற பக்கமாக நடப்பதுபோல நடந்தால் போதும். வழியில் இது மருந்துக்கடை, இது குறுக்குத்தெரு என்று காதோரம் சொல்லிக்கொண்டே வரும். 2023இல் நிறுவனம் அதை நிறுத்திவிட்டது. நல்லவேளை, நிரலைப் பொதுவில் வைத்துவிட்டுப் போனார்கள். வாய்ஸ்விஸ்டா போன்ற செயலிகள் அதிலிருந்து பிறந்தன.

இந்த வகைச் செயலியோடு ஒரு மாலை, எங்கே போகிறோம் என்ற எண்ணமே இல்லாமல் என் தெருவில் நடந்தேன். பத்து வருடமாக நான் நடக்கும் தெரு. அங்கே ஒரு பழைய புத்தகக்கடை இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணுள்ளவர் ஒரு கடையைத் தேடிப் போகாமலே தெரிந்துகொள்கிறார். எங்களுக்கு யாராவது சொன்ன கடை மட்டும்தான் கடை. வேடிக்கை பார்த்துக்கொண்டே நடப்பது என்கிறீர்களே, அது என்னவென்று அன்று புரிந்தது.

ஆனால் போனுக்கு ஒரு எல்லை உண்டு. வானம் திறந்த வெளியிலேயே ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டர் பிசகும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே இன்னும் பிசகும். 5 மீட்டர் என்பது நடைபாதைக்கும் நடுரோட்டுக்கும் உள்ள தூரம். "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று சொல்லிவிட்டு அது வாயை மூடிக்கொள்ளும். படி எங்கே, கதவு எங்கே, மூடி இல்லாத சாக்கடை எங்கே? அதற்கு வெண்கோல் வேண்டும், காது வேண்டும், நீங்கள் வேண்டும்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பேருந்து வந்தால் நம்பரை உரக்கச் சொல்லுங்கள். செயலி இரண்டு நிமிடத்தில் வண்டி வரும் என்கிறது. வருவதோ ஒன்றன்பின் ஒன்றாக மூன்று. ஒன்று நிறுத்தத்துக்கு முன்னால் நிற்கிறது, இன்னொன்று தள்ளிப்போய் நிற்கிறது. எது 29சி, எது 5இ? டெல்லி ஐஐடியில் இதற்கென்றே ஆன்போர்டு என்ற கருவியை உருவாக்கினார்கள். கையிலிருக்கும் பட்டனை அழுத்தினால், பேருந்தின் வாசலருகே உள்ள ஸ்பீக்கர் குரல் கொடுத்து ஏறும் இடத்தைக் காட்டும். அது உங்கள் ஊர் வண்டிக்கு வரும்வரை, கண்டக்டரே, நீங்கள்தான் அந்த ஸ்பீக்கர்.

வழி சொல்லும்போது "அதோ தெரியுது பாருங்க" என்று சொல்லாதீர்கள். "உங்க இடது கைப் பக்கம், இருபது அடி" என்று சொல்லுங்கள். உதவி வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வேண்டும் என்றால் எங்கள் கையைப் பிடிக்காதீர்கள், உங்கள் முழங்கையை நாங்கள் பிடித்துக்கொள்கிறோம். ஓரெட்டு முன்னால் நடங்கள், படி வந்தால் ஏற்றமா இறக்கமா என்று சொல்லுங்கள். விட்டுப் போகும்போது, போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். காலி இடத்தோடு நான் பேசிக்கொண்டிருந்த நாட்கள் உண்டு.

அடுத்தது உங்கள் வண்டி. நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் டைல்ஸ் அழகுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் யோசித்து, 1967 மார்ச் 18 அன்று ஒகாயாமாவில் பார்வையற்றோர் பள்ளி அருகே முதன்முதலாகப் பதித்த கல் அது. நீளக் கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில், கவனி. அது எங்கள் பாதத்துக்கு எழுதிய எழுத்து. அதன் மேல் பைக்கை நிறுத்துகிறீர்கள். என் கோல் தரையைத் தடவிச் சக்கரத்தைக் கண்டுபிடிப்பதற்குள், இடுப்பு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஹேண்டில்பார் என்னைக் கண்டுபிடித்துவிடுகிறது. சைலன்சர் சுட்ட தழும்பு இன்னும் கெண்டைக்காலில் இருக்கிறது. அந்த டைல்ஸையே நேராகக் கொண்டுபோய் ஈபி பெட்டியில் முட்டவிட்ட காண்ட்ராக்டரை என்ன சொல்ல? கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்தார் என்று சொல்லக்கூட மனம் வரவில்லை. கண்ணை மூடி ஒருமுறை நடந்திருந்தால் அப்படிப் போட்டிருக்கமாட்டார்.

அதிகாரிகளே, இது தயவு கேட்கும் விஷயம் அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கில், அணுகல் வசதிக்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு மனிதர் நடைபாதை கேட்டு ஏறக்குறைய இருபது வருடம் நீதிமன்றத்துக்கு நடந்திருக்கிறார்.

கடைக்காரர்களே, மேப்பில் உங்கள் கடையின் புள்ளி பின்பக்கச் சந்தில் கிடக்கிறதா என்று இன்றே பாருங்கள். செயலி எழுதும் தம்பி, தங்கைகளே, பட்டனுக்குப் பெயர் வையுங்கள். "பட்டன், பட்டன், பட்டன்" என்று போன் சொன்னால் எதை அழுத்துவது?

என் இனத்தாரிடமும் ஒரு வார்த்தை. வெட்கப்பட்டு வெண்கோலை மடக்கிப் பைக்குள் வைக்காதீர்கள். இரண்டு காதையும் இயர்போனுக்குக் கொடுக்காதீர்கள், ஒன்று சாலைக்கு. சத்தமே இல்லாமல் வரும் மின்சார ஸ்கூட்டர்களின் காலம் இது. பெற்றோரே, பிள்ளை விழுந்துவிடுவான் என்று வீட்டில் வைத்துப் பூட்டாதீர்கள். கண்ணுள்ள பிள்ளையும் விழுந்துதான் சைக்கிள் பழகினான். ஜேம்ஸ் ஹோல்மன் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி 25 வயதில் பார்வை இழந்தார். ஜிபிஎஸ் இல்லாத 19ஆம் நூற்றாண்டில், கையில் தடியோடு உலகத்தையே சுற்றினார். போன இடமெல்லாம் அவர் கேட்டார், அங்கிருந்தவர்கள் பதில் சொன்னார்கள்.

நாளைக் காலை எட்டரைக்கு நான் அதே நிறுத்தத்தில்தான் நிற்பேன். 29சி வந்தால் சத்தமாகச் சொல்லுங்கள்.