காணவில்லை என்பதும் இல்லை என்பதும்

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்து மாலையொன்றில், முதுகலைத் தமிழ் பயிலும் மாணவி ஒருத்தி பரமத்தி வேலூரில் என்னைக் காண வந்தாள். காவிரிக் கரையின் வெற்றிலைக் கொடிக்கால்களில் உழைப்போர் பாடிய பாடல்களைக் குறித்து அவள் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மாயி இளமையில் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளியவர். பல்லாண்டுகளுக்கு முன் கோயில் சாமியார் ஒருவர் வந்து தம் பாட்டுகளைக் கேட்டு எழுதிச் சென்றார் என்றும், பின்னர் அவற்றைப் புத்தகமாக அச்சிட்டார் என்றும் அம்மாயி அடிக்கடி சொல்வாராம். மாணவி அதை நம்பி இணையத்தில் தேடினாள். பெரிய நூலகங்களின் பட்டியல்களையெல்லாம் துருவிப் பார்த்தாள். எங்கும் ஒரே விடை: அத்தகைய நூல் இல்லை. ஆய்வு நெறியாளரும், முதியவரின் நினைவு பிசகியிருக்கலாம், அச்செய்தியை நீக்கிவிடலாம் என்று அறிவுரை கூறிவிட்டார்.

“எங்க அம்மாயி பொய் சொல்றவங்க இல்லைங்க ஃபாதர்” என்றாள் அப்பெண்.

எழுந்து சென்று பழைய அலமாரியைத் திறந்தேன். வரவு செலவுக் கணக்கேடுகளுக்கு அடியில் அந்தச் சிறு நூல் கிடந்தது. எனக்கு முன் இங்குப் பணியாற்றிய குரு ஒருவர் தொகுத்தது. ஆறு ஆண்டுகளாக அந்த அலமாரிக்கு எதிரே அமர்ந்துதான் நான் படிக்கிறேன், எழுதுகிறேன். அந்நூலை ஒருமுறை புரட்டியும் பார்த்திருக்கிறேன். ஆனால் அது இங்கே இருக்கிறது என்று எந்த ஏட்டிலும் எழுதி வைக்கவில்லை.

அன்றிரவு என்னை உறுத்திய வினா இதுதான்: அந்த மூதாட்டியைப் பொய்யராக்கியது யார்? இணையமா? நெறியாளரா? நானா?

இல்லாமையை அறிவது எவ்வாறு என்னும் கேள்வி நம் நாட்டு மெய்யியலில் மிகப் பழையது. மணிமேகலையில் அளவைவாதி அடுக்கிச் சொல்லும் அளவைகளுள் அபாவமும் ஒன்று. காணாமையைக் கொண்டு இன்மையை அறிவது என்று அதனைக் கொள்ளலாம். இதனை நுணுகி ஆராய்ந்த மீமாம்சகர் ஒரு நிபந்தனையை விதித்தனர். பொருள் அங்கு இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்னும் நிலையில் மட்டுமே, காணப்படாமை இன்மைக்குச் சான்றாகும். விளக்கெரியும் அறையில் குடம் தென்படவில்லையென்றால், குடம் இல்லை என்று துணிந்து கூறலாம். இருட்டறையில் நின்றுகொண்டு அவ்வாறு கூறலாகாது. காணவில்லை என்பது தேடுபவரின் நிலையைப் பற்றிய கூற்று. இல்லை என்பது உலகைப் பற்றிய கூற்று. முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவ வேண்டுமானால் அறை முழுவதும் வெளிச்சம் இருந்தாக வேண்டும்.

நூலகத்திற்கு அத்தகைய விளக்காக இருப்பது பட்டியல். அவ்விளக்கின் ஒளி நூற்றாண்டுதோறும் பெருகியே வந்திருக்கிறது. திவாகரமும் பிங்கலந்தையும் சூடாமணியும் செய்யுளால் ஆன நிகண்டுகள். மனப்பாடம் செய்தவருக்கே அவை எளிதில் கைகொடுக்கும். வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதியோ, சொற்களை அகர வரிசையில் நிறுத்தி உரைநடையில் பொருள் தந்தது. எழுத்து வரிசை அறிந்த எவரும் ஆசிரியர் துணையின்றித் தாமே தேடிக்கொள்ளலாம் என்றாயிற்று. தேடும் முறை மாறியதால் தேடும் உரிமையும் பலருக்குப் பரவியது.

சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் உலகெங்கும் நூலகர்களால் இன்றும் போற்றப்படுகின்றன. நூல்கள் பூட்டிக் காப்பதற்கல்ல, பயன்படுவதற்கே என்று தொடங்கும் அவ்விதிகள், வாசகருக்கும் நூலுக்கும் இடையே இருவழிக் கடமை உண்டென்று காட்டின. வாசகர் ஒவ்வொருவரும் தமக்குரிய நூலை அடைய வேண்டும். நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும். அதே 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்கள் ஊர் ஊராகச் சென்றன.

இன்று மாட்டுவண்டியின் இடத்தில் இணையம் நிற்கிறது. 1971-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநில நூலகங்கள் ஒரே கணிப்பொறியின் வழியே நூற்பதிவுகளைப் பகிரத் தொடங்கின. ஓரிடத்தில் ஒருவர் எழுதிய பதிவை மற்றவர் மீண்டும் எழுத வேண்டியதில்லை என்பதே அதன் பயன். அம்முயற்சி வளர்ந்து இன்று உலகளாவிய கூட்டுப் பட்டியலாகியுள்ளது. நியூசிலாந்தின் வட்டார நூலகம் ஒன்றிற்காக ஆக்கப்பட்டு 2000-இல் பயனுக்கு வந்த கோஹா என்னும் மென்பொருளை எந்த நூலகமும் விலையின்றிப் பயன்படுத்தலாம். மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை என்று பொருள். கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களும் இதழ்களும், அவர் 1992-இல் மறைந்த பின் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அதன் பட்டியலை வேலூர்க் கடைத்தெருவில் நின்றபடியே கைப்பேசியில் காணலாம். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த இழப்பின் நினைவு மறையாத ஈழத் தமிழர், 2005-இல் நூலகம் என்னும் பெயரிலேயே இணையத்தில் ஆவணக் காப்பகம் ஒன்றைத் தொடங்கினர். இவையெல்லாம் நன்மைகளே என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஒளி பெருகும்போது ஒரு மயக்கமும் உடன் வளர்கிறது. அட்டைப் பட்டியல் இருந்த காலத்தில், இழுப்பறையில் அட்டை அகப்படாவிட்டால், வேறு நூலகத்தில் இருக்கலாம் என்று எவரும் எண்ணுவர். அந்த இழுப்பறையின் எல்லை கண்ணுக்குத் தெரிந்தது. இன்றோ உலகமே கைக்குள் இருப்பதுபோல் தோன்றுவதால், அங்கே அகப்படாதது உலகிலேயே இல்லை என்று துணிகிறோம். வினாவிற்கு விடையையே எழுதித் தரும் இயந்திரங்கள் வந்துவிட்ட பின்பு, தேடிய இடம் எது, தேடாத இடம் எது என்பதைக்கூட நாம் கேட்பதில்லை.

இருள் எங்கெங்கே மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்போம். நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர் என்று தேடினால், கோட்டையும் 1806-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியும் கொண்ட வட மாவட்டத்து வேலூரே முன்வந்து நிற்கும். நாமக்கல் மாவட்டம் என்று தேடினாலோ, 1997-க்கு முந்திய நூல்கள் பலவும் நழுவிவிடும். அதுவரை நாம் சேலம் மாவட்டத்தார் அல்லவா? வீரமாமுனிவரை ஒருவர் அப்பெயரால் தேடுவார், மற்றொருவர் தைரியநாதர் என்பார், ஐரோப்பியர் பெஸ்கி என்பர். இவர்கள் மூவரும் ஒருவரே என்று முன்னரே ஒருவர் அமர்ந்து இணைத்து வைக்காவிட்டால், தேடுபவர் மூவருக்கும் மூன்று வெவ்வேறு மனிதர்களே கிடைப்பர். 1990-களில் கணிப்பொறியில் ஏற்றிய தமிழ், எழுத்துருவுக்கு ஓர் முறையாகக் குறிக்கப்பட்டதால், அவற்றுள் பலவற்றை இன்றைய ஒருங்குறித் தேடல் படிக்கவே இயலாது.

நூலுக்கு இடம் வகுப்பதிலும் இருள் உண்டு. 1876-இல் வெளிவந்த டூயி பகுப்பு முறையில் சமயத்திற்கு 200-ஆம் வரிசை ஒதுக்கப்பட்டது. அதில் 220 முதல் 280 வரை ஏழு பிரிவுகள் விவிலியத்திற்கும் கிறித்தவத்திற்கும் உரியவை. உலகின் ஏனைய சமயங்கள் அனைத்திற்கும் 290 என்னும் ஒரே பிரிவு. ஆழ்வார்களும் நாயன்மார்களும் புத்தரும் நபிகளும் அந்த ஒற்றை அறைக்குள் நெருங்கி நிற்க வேண்டியதாயிற்று. கிறித்தவனாகிய எனக்கு இதில் பெருமை கொள்ள ஏதுமில்லை. பட்டியல் எழுதுபவர் அயலாருக்கு எவ்வளவு இடம் விடுகிறார் என்பதும் அறத்தின் பாற்பட்டதே. இணையப் பட்டியலில் ஒரு நூலை ஒரே வேளையில் பல தலைப்புகளின்கீழ் நிறுத்த முடிகிறது. பொருளைப் பல முகங்களாகப் பகுக்கும் வழியை அரங்கநாதன் 1933-இல் தம் கோலன் பகுப்பு முறையில் காட்டினார். ஆயினும் எந்தத் தலைப்புகளைத் தருவது என்று தீர்மானிப்பவர் இன்றும் மனிதரே.

எல்லாவற்றினும் அடர்ந்த இருள், பட்டியலுக்கே வராத நூல்களைச் சூழ்ந்தது. அந்தாம் தெ புரோயென்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி 1679-இல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. பிற்காலத் தமிழகத்தார் கைக்கு அது எட்டவே இல்லை. 1954-இல் தனிநாயகம் அடிகளார் வத்திக்கான் நூலகத்தில் அதன் படியொன்றைக் கண்டறிந்தார். 1966-இல் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பும் வந்தது. அவ்வளவு காலமும் அந்நூல் இருந்துகொண்டுதான் இருந்தது. இல்லாதிருந்தது அதற்கும் நமக்கும் இடையிலான வழி. ஒரு மனிதர் காணவில்லை என்பதோடு நிறைவடையாமல் கடல் கடந்து தேடியதால் அவ்வழி திறந்தது.

இனி, பொறுப்பு யாருடையது என்னும் வினாவிற்கு வருவோம். இயந்திரம் தன்னிடம் உள்ளதைச் சொல்கிறது. அதன்மீது பழி சுமத்துவதில் பொருளில்லை. நானும் பொய்யேதும் சொல்லவில்லையே, சும்மாதானே இருந்தேன் என்று என் மனம் வாதிட்டது. ஆனால் குருமடத்தில் கற்ற ஒரு பழைய பாகுபாடு அந்த வாதத்தைத் தடுத்தது. கல்லுக்குப் பார்வை இல்லை. அதனைக் குருடு என்று எவரும் சொல்வதில்லை. மனிதருக்குப் பார்வை இல்லாவிட்டால்தான் அது குறை. இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமையே குறை என்பர் புனித தாமஸ் அக்குவினாவின் வழி வந்தோர். அந்தப் பாடல் நூல் சென்னைப் பெருநூலகத்தின் பட்டியலில் இல்லாதது வெறும் இன்மை. அது கிடந்த அலமாரியின் உரிமையாளனாகிய என்னிடத்தில் ஒரு பட்டியல் இல்லாதது குறை. செய்யாமல் விட்ட கடமையும் குற்றமே என்று திருப்பலிதோறும் அறிக்கையிடுபவர்கள் நாம். நான் பேசாதிருந்ததே அந்த மூதாட்டிக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

இவ்வளவு நுணுக்கம் ஒரு சிறு நூலுக்குத் தேவையா என்று சிலர் கேட்கலாம். பெரும் அறிஞர்களின் நூல்களுக்குப் படிகள் பல உண்டு. ஒன்று தப்பினாலும் மற்றொன்று அகப்படும். எழுத்தறியாத ஒரு பெண்ணின் பாட்டுக்கு அந்த ஒரே நூல்தான் சான்று. எளியவர்களின் சான்றுகளே எப்போதும் ஒற்றைப் படியாக இருக்கின்றன. ஆகவே பட்டியலில் நேரும் பிழை எல்லாரையும் சமமாகத் தாக்குவதில்லை. எளியவர்களையே முதலில் தாக்குகிறது.

நூலகரின் சேவையும் இதனால் புதிய பொருள் பெறுகிறது. எடுத்துத் தரும் வேலையை இயந்திரம் அவரைவிட விரைந்து செய்யும். ஆனால் எதிரே நிற்பவரின் முகம் பார்த்து, “இங்கே காணவில்லை அம்மா, வேறு பெயரில் இருக்கலாம், வேறு ஊரில் இருக்கலாம், தேடிப் பார்ப்போம்” என்று சொல்ல மனிதரே வேண்டும். தமிழ்நாட்டில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. ஒவ்வொரு மேசைக்குப் பின்னும் அவ்வாறு சொல்லும் ஒருவர் இருந்தால், அதற்கு ஈடான தேடுபொறி வேறில்லை.

மறுவாரம் பங்கு இளைஞர் இருவரை அழைத்து அலமாரியைக் காலி செய்தோம். நூற்பெயர், ஆசிரியர், அச்சகம், ஊர், ஆண்டு, பக்கம் என ஒவ்வொன்றையும் எழுதினோம். ஊர்ப்பெயரைப் பரமத்தி வேலூர் என்று முழுமையாகவும், மாவட்டத்தைச் சேலம், நாமக்கல் என இரண்டாகவும் குறித்தோம். முந்நூறுக்கும் சற்றுக் குறைவான நூல்கள். ஒரு படியைக் கிளை நூலகத்தில் கொடுத்தோம். மற்றொன்றை இணையத்தில் ஏற்றும் பணி நடக்கிறது.

மாணவி அந்நூலை அம்மாயிக்குப் படித்துக் காட்டினாளாம். கேட்டுக்கொண்டிருந்த அவர் ஓரிடத்தில் நிறுத்தி, “அந்த அடி அப்படி இல்ல கண்ணு, சாமியார் தப்பா எழுதிட்டார்” என்று திருத்தினாராம். அத்திருத்தத்தையும் பதிவில் குறிப்பாகச் சேர்த்துள்ளோம்.

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் பங்கு அலுவலகத்திலும் திறக்கப்படாத அலமாரி ஒன்று இருக்கக்கூடும். அதிலுள்ள நூலைத் தேடி எங்கோ ஒருவர் இன்று இல்லை என்னும் விடையைப் பெற்றுக்கொண்டிருக்கலாம். ஒரு குறிப்பேட்டையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு அதனைத் திறவுங்கள்.