சிறியது இகழற்பாலதா?

அம்மையார்குப்பத்தில் ஓரிரவு மின்சாரம் நின்று தறிகள் ஓய்ந்திருந்தன. மாணாக்கர் சிலருக்கு வானத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தோம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே கதிரவனைச் சுற்றிவரும் சிறுகோள்களுள் ஒன்று நம் சென்னையிலிருந்தே கண்டறியப்பட்டது என்றோம். நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன் கேட்டான்: "ஐயா, அந்தக் கல்லால் எவர் வீட்டு அடுப்பு எரியும்?"

உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. பசியறிந்தவன் கேட்கும் கேள்வியை எள்ளி ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது.

நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் பொறுப்பேற்று 1861ஆம் ஆண்டு வந்த நார்மன் போக்சன், அவ்வாண்டு ஏப்ரல் 17 அன்று அதனைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற் சிறுகோள் ஆதலின் 'ஆசியா' எனப் பெயரிட்டார். வரிசையில் அது 67ஆவது. வெறுங்கண்ணுக்குப் புலப்படாதது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். திருத்தணியிலிருந்து சென்னைக்குள்ள தொலைவினும் குறைவு.

ஒளிப்படத்தால் சிறுகோள்களைத் தேடும் முறை அன்று தோன்றவில்லை. தொலைநோக்கியில் தெரியும் விண்மீன்களை வரைபடத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடவேண்டும். படத்தில் இல்லாத புள்ளி தென்படின், மீண்டும் நோக்கி, அது இடம்பெயர்ந்துளதா எனக் காணவேண்டும். நகரும் ஒன்றை அறிய, நகராத பலவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும்.

நெசவாளர்க்கு இது புதிதன்று. அறாத பல நூறு இழைகளுக்கிடையே அறுந்த ஓரிழையைக் கண்டு முடிபவரல்லரோ நல்ல நெசவாளர்!

அரபு மொழியில் விண்மீனும் கோளும் 'கவ்கப்' எனப்படும். சிறுகோள் 'குவைகிப்' எனப்படும். இவ்வாறு சொல்லைச் சிறிதாக்கும் வடிவை இலக்கணத்தார் 'தஸ்கீர்' என்பர். அவ்வடிவம் இகழ்ச்சிக்கும் வரும், அன்புக்கும் வரும். மகனைக் கனிவோடு 'புனைய்ய' என்றழைப்பதும் அவ்வடிவே. வடிவம் ஒன்று, சொல்பவர் உள்ளமே பொருளை முடிவு செய்கிறது.

சிறியதை இகழும் கண்ணும் உண்டு; பேணும் கண்ணும் உண்டு. அந்தக் கல்லால் அடுப்பு எரியாது என்பது மெய்யே. ஆயினும், எவரும் பாராத நள்ளிரவில் ஒரு சிறு புள்ளியையும் பிழையாகக் குறிக்காத நேர்மை, பகலில் கூலிக்கணக்கு எழுதும் கைக்கும் வேண்டும். "சிறு தொகைதானே" என்று அக்கணக்கில் விடுபடுவதன்றோ ஏழை வீட்டு அடுப்பை அணைக்கிறது!

அன்று அப்பிள்ளைக்கு இவ்விடை நமக்குத் தோன்றவில்லை. காலந்தாழ்த்தியேனும் இங்கே கூறுகிறோம்.