தெரியாது என்னும் சொல்

நோயாளியின் அறையிலிருந்து வெளியே வரும் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். 'பயப்பட ஒன்றுமில்லை' என்று அவர் சொல்லிவிட்டால், போன உயிர் திரும்பி வருகிறது. 'இப்போது எதுவும் சொல்வதற்கில்லை' என்றாரானால் அவர்மீதே கோபம் வருகிறது. ஆறுதலுக்கு ஏங்குவது மனித சுபாவம். ஆனால் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொல்லி ஆறுதல் தருவது தர்மமா?

இத்தாலியில் லாக்விலா என்று ஒரு மலை நகரம். 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே பூமி அடிக்கடி நடுங்கிற்று. ஜனங்கள் கலங்கினார்கள். மார்ச் 31-ஆம் தேதி பூகம்ப விஞ்ஞானிகள் அங்கே கூடி ஆலோசித்தார்கள். இத்தகைய சிறு அதிர்வுகள் பெரும்பாலும் தாமாகவே ஓய்ந்துவிடும். ஓயாமல் பெரிதாகவும் கூடும். சாஸ்திரம் அறிந்தது அவ்வளவே.

ஊராரை எட்டிய செய்தியோ வேறு. விபத்துகளிலிருந்து ஜனங்களைக் காக்க வேண்டிய இலாகாவின் உயர் அதிகாரி ஒருவர் தொலைக்காட்சியில் பேசினார். பூமியின் சக்தி சிறிது சிறிதாக வெளியேறுகிறது, அது நல்லதுதான், ஆபத்தில்லை என்றார். அப்படியானால் ஒரு கோப்பை மது அருந்திவிட்டு நிம்மதியாக இருக்கலாமா என்று நிருபர் கேட்டார். அவரும் ஆமோதித்தார்.

கேட்க இனிமையான விளக்கம். ஆனால் கணக்குக்கு ஒவ்வாதது. பூகம்ப அளவு ஒரு படி ஏறினால் வெளிப்படும் சக்தி சுமார் 32 மடங்காகிறது. அளவு 6 உள்ள ஒரு பூகம்பத்தின் சக்தி தீர, அளவு 4 உள்ள அதிர்வுகள் ஆயிரம் வர வேண்டும்!

வீடு ஆடினால் வெளியேறி வெட்டவெளியில் இரவைக் கழிப்பது அவ்வூர்ப் பெரியவர்களின் வழக்கம். ஏப்ரல் 5-ஆம் தேதி இரவு 11 மணிக்குச் சற்று முன் ஓர் அதிர்வு வந்தது. நள்ளிரவுக்குப் பின் இன்னொன்று. சிலர் வெளியேறினார்கள். வேறு சிலர், பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களே என்று குழந்தைகளுடன் மீண்டும் படுத்தார்கள். விடியற்காலை 3-32க்கு நகரம் இடிந்தது. மாண்டவர்கள் 300 பேருக்கு மேல்.

2012-இல் விஞ்ஞானிகள் அறுவருக்கும் அந்த அதிகாரிக்கும் ஆறாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பூகம்பத்தை முன்கூட்டிச் சொல்லாததற்கா தண்டனை என்று உலகம் திகைத்தது. உண்மையில் வழக்கு அவர்கள் தந்த ஆறுதலைப் பற்றியது. 2014-இல் மேல் நீதிமன்றம் விஞ்ஞானிகளை விடுதலை செய்தது. அதிகாரியின் தண்டனையை இரண்டாண்டாகக் குறைத்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

சட்டம் தன் வேலையை முடித்துக்கொண்டது. நமக்குக் கேள்வி முடியவில்லை. 'தெரியாது' என்று மட்டும் சொல்லியிருந்தால் நகரம் முழுவதும் மாதக்கணக்கில் தெருவில் படுத்திருக்குமா? முடியாதுதான். நோயாளிகளும் கிழவர்களும் பனியில் என்ன ஆவார்கள்? பீதியைப் பரப்புவதும் பாவமே.

ஆனால் இப்படிச் சொல்லியிருக்கலாம்: 'பெரிய பூகம்பம் வரும் சாத்தியம் குறைவு, வராது என்று எங்களால் உறுதி கூற முடியாது. வந்தால் பழைய கல் வீடுகள் தாங்கமாட்டா. உங்கள் வீடு எத்தகையது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.' இதில் பீதியும் இல்லை, பொய்யும் இல்லை.

நள்ளிரவில் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, போவதா இருப்பதா என்று வாசற்படியில் தயங்கி நிற்கும் ஒரு தகப்பனை நினைத்துப் பார்க்கிறேன். முடிவு செய்ய வேண்டியவன் அவன். நம் அறியாமையின் அளவைக்கூட அவனிடம் மறைப்பதற்கு நாம் யார்?