நடுவில் ஒரு காலி இடம்

சௌகரியம் பாவமல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நம் நாட்டில் சுகத்தைப் பற்றி எழுத உட்காருகிறவன் உடனே காவி உடுத்திக்கொண்டு விடுகிறான். கட்டாந்தரையில் படுப்பவனே ஞானி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தான் மட்டும் மெத்தையில் போய்ப் படுத்துக்கொள்கிறான். எனக்கு அந்த வேஷம் வேண்டாம். அலுத்த உடம்பு ஒரு நல்ல ஆசனத்தை விரும்புவதைவிட நியாயமான ஆசை உலகத்தில் அதிகம் இல்லை. நான் கேட்க வந்தது வேறு. நாம் பணம் கொடுத்து வாங்கும் சௌகரியத்தில் உடம்புக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு? வேறு எதற்கோ போய்ச் சேர்வது எவ்வளவு?

இதை உரசிப் பார்க்க நல்ல உரைகல் ஒன்று உண்டு. குறுகிய தூரம் பறக்கும் விமானத்தின் முன்பகுதிதான் அது. அதற்குப் பிஸினஸ் கிளாஸ் என்று பெயர். திருச்சியிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ஆகாய மார்க்கமாக ஒரு மணி நேரம். ஏறி, வாரைக் கட்டி, மேலே போய், ஒரு வாய் காபி குடித்து நிமிர்வதற்குள் இறங்கத் தொடங்கி விடுகிறது. இந்த ஒரு மணி நேரத்துக்கு முன்வரிசையில் என்ன தருகிறார்கள்? சற்று அகலமான நாற்காலி, முகம் துடைக்க வெதுவெதுப்பான துவாலை, பீங்கான் தட்டில் பலகாரம், பின்னால் ஒரு திரை. நாற்காலி கொஞ்சம் சாயும், படுக்கையாகாது. போகிற இடம் தெரியாமல் நீட்டிப் படுத்திருக்கும் பாக்கியத்தை நம் ஊரில் ஸ்ரீரங்கத்துப் பெருமாள் ஒருவருக்குத்தான் கொடுத்து வைத்திருக்கிறது.

ஐரோப்பாவுக்குள் பறக்கும் பல விமானங்களில் இன்னும் வேடிக்கை. அங்கே முன்னாலும் பின்னாலும் ஒரே நாற்காலிதான். நடைபாதைக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. ஒவ்வொன்றும் சுமார் 18 அங்குல அகலம். முன்வகுப்பில் நடு நாற்காலியை மட்டும் யாருக்கும் விற்காமல் காலியாக விட்டுவிடுவார்கள். அன்றைக்கு எத்தனை டிக்கெட் விற்றதோ அதற்கேற்பத் திரையை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்வார்கள். ஆக, நாற்காலி ஓர் அங்குலம்கூட அகலமாகவில்லை. அகலமானது மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே உள்ள தூரம்தான். அந்தப் பிரயாணி விலை கொடுத்து வாங்கியிருப்பது ஒரு பொருளை அல்ல. பக்கத்தில் ஓர் ஆள் இல்லாமையை.

துவாக்குடியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். திருவெறும்பூர்க் கொதிகலன் தொழிற்சாலையில் முப்பது வருஷங்களுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். இதை அவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"உழைத்துச் சம்பாதித்த காசு சார். ஒருத்தன் ஒரு மணி நேரம் காலை நீட்டிக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? என் முழங்காலைக் கேட்டுப் பாருங்கள், பிஸினஸ் கிளாஸ் என்றால் என்னவென்று அது சொல்லும்!"

அவர் முழங்காலை நான் அறிவேன். அதன் வாதத்தை மறுக்க எனக்குத் துணிவில்லை. வலிக்கிற உடம்புக்கும் நீண்ட பிரயாணத்துக்கும் வசதி வேண்டும். அதைக் குறை சொல்கிறவன் முழங்கால் இல்லாதவன். ஆனால் முன்வரிசையில் அமர்கிறவர்கள் அனைவரும் முழங்கால்காரர்கள்தாமா?

இதே கொழும்புக்கு ஒரு காலத்தில் 'போட் மெயில்' ஓடியது. 1914 முதல் ரயிலில் தனுஷ்கோடி வரை போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, மறுபடி ரயிலேற வேண்டும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அந்த வழி இருந்தது. அந்தப் பிரயாணத்தில் மெத்தைக்கும் மரப்பலகைக்கும் இடையிலிருந்த வித்தியாசம் ஓர் இரவின் தூக்கம். அங்கே வகுப்பு என்பது உண்மையாகவே உடம்பைப் பற்றிய சங்கதி.

1917இல் காந்தியடிகள் மூன்றாம் வகுப்புப் பிரயாணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பம்பாயிலிருந்து சென்னைக்கு 22 பேருக்கென்று குறித்திருந்த வண்டியில், அந்த எண்ணிக்கைக்கு மேல் ஜனங்கள் நெருக்கியடித்து வந்ததை அதில் விவரிக்கிறார். முதல் வகுப்புக் கட்டணம் ஐந்து மடங்குக்கு மேல். அப்படியானால் மூன்றாம் வகுப்புக்காரனுக்கு அந்த வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது, பத்தில் ஒரு பங்காவது கிடைக்கிறதா என்பது அவர் கேள்வி. கவனியுங்கள், முதல் வகுப்புக்காரனின் மெத்தையைப் பிடுங்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. கொடுத்த காசுக்குரிய நியாயத்தைத்தான் கேட்டார்.

அதற்குப் பதில் வர நெடுநாள் ஆயிற்று. 1974இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் போயிற்று, பலகை போகவில்லை. 1977இல் மது தண்டவதே ரயில்வே மந்திரியானார். அந்த ஆண்டு டிசம்பரில் பம்பாய்க்கும் ஹௌராவுக்கும் இடையே வகுப்புப் பேதமே இல்லாத கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பலகைகளின் மேல் இரண்டு அங்குல நுரை மெத்தை வைக்கும் ஏற்பாட்டையும் அவரே தொடங்கினார். இரண்டு அங்குலம்! அந்த இரண்டு அங்குலத்தின்மேல் இந்த நாட்டின் கோடிக்கணக்கான முதுகெலும்புகள் படுத்து எழுந்திருக்கின்றன. அதற்காக யாருடைய நடு நாற்காலியும் காலியாகவில்லை. இப்படி எல்லோருக்குமாகப் பலகையைத் தணிப்பது ஒரு வகைச் சௌகரியம். சிலருக்காகத் திரையை இழுப்பது இன்னொரு வகை.

இந்த இரண்டாம் வகையின் ருசியை நானும் அறிவேன். ஓர் ஊரின் இலக்கியக் கூட்டத்துக்கு என்னை அழைத்தவர்கள், அன்பு மிகுதியால், சென்னையிலிருந்து ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு முன்வரிசை டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தார்கள். உட்கார்ந்தேன், நன்றாகத்தான் இருந்தது. பின்னால் ஏறியவர்களில் ஒரு வயதான அம்மாள், ஒவ்வொரு நாற்காலியின் முதுகையும் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். கால்கள் வீங்கியிருந்தன. அவருக்குக் கடைசி வரிசை. நான் எழுந்து, "இந்த அம்மா இங்கே உட்காரட்டும், நான் பின்னால் போகிறேன்" என்று பணிப்பெண்ணிடம் சொன்னேன். அந்தப் பெண் மிகவும் மரியாதையாக, "மன்னிக்கணும் சார், வகுப்பு மாற்றி உட்கார வைக்க எங்களுக்கு அனுமதியில்லை" என்றாள். அம்மாள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பின்னால் நடந்தார். திரையை இழுத்து மூடினார்கள்.

அந்தப் பெண்மேல் குற்றமில்லை, சட்டம் அப்படி. ஆனால் அந்த ஒரு மணி நேரமும் எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. என் பெயருக்கு எழுதப்பட்ட அந்த ஆசனத்தில் நான் சாயலாம், தூங்கலாம், பத்திரிகை படிக்கலாம். கொடுக்க மட்டும் முடியாது. கொடுக்க முடியாத ஒன்று எனக்குச் சொந்தம் என்று எப்படிச் சொல்வது?

துவாக்குடியிலிருந்து சத்திரம் பஸ் நிலையத்துக்குப் போகும் டவுன் பஸ்ஸில் மாலை நேரத்தில் ஏறிப் பாருங்கள். பட்டறை வேலை முடிந்து, கையில் எண்ணெய்க் கறை போகாத பிள்ளைகள் ஏறுவார்கள். பையும் புத்தகமுமாக மாணவர்கள் ஏறுவார்கள். திருவெறும்பூர், காட்டூர், அரியமங்கலம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் இறுகிக்கொண்டே வரும். மூன்று பேர் ஆசனத்தில் நாலாவது ஆளுக்கு, "கொஞ்சம் தள்ளி உட்காருங்கண்ணே" என்ற ஒரு வார்த்தையில் இடம் பிறந்துவிடும். காலையிலிருந்து நின்றே வேலை செய்த ஒரு பையன், கூடையோடு ஏறிய கிழவிக்கு, "உட்காருங்கம்மா" என்று எழுந்து கொடுப்பான். அவன் வாங்கிய டிக்கெட்டின் விலை சொற்பம். ஆனாலும் அவன் ஆசனத்துக்கு அவன்தான் எஜமானன்.

இதைச் சொல்லிவிட்டு ஏழ்மையை வாழ்த்திப் பாடப்போகிறேன் என்று வாசகர்கள் பயப்பட வேண்டாம். அந்தப் பஸ்ஸில் எழாத பிள்ளைகளும் உண்டு. ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பதில் அவர்களுக்குத் திடீரென்று சிரத்தை வந்துவிடும். பையன் எழுந்தால்தான் கிழவிக்கு ஆசனம் என்பது நல்ல ஏற்பாடும் அல்ல. தர்மம் என்பது ஒருவனின் அன்றைய மனநிலையை நம்பியிருக்கக் கூடாது. அதனால்தான் பெண்களுக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் பஸ்ஸில் இடம் ஒதுக்கி எழுதி வைத்தார்கள். 2021 முதல் நம் மாநிலத்தின் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதும் அந்த நுரை மெத்தை ஜாதியைச் சேர்ந்த நியாயமே. நெரிசலை ஒழிப்பது சர்க்காரின் கடமை; நெரிசலில் ஒருவருக்கொருவர் இடம் கொடுப்பது நம் குணம். முன்னது வந்துவிட்டது என்பதற்காகப் பின்னது போய்விட வேண்டுமா?

போக வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன். முழங்கால் கேட்கும்போது அகலமான நாற்காலியை வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம். ஆனால் வாங்குமுன், கேட்பது முழங்கால்தானா, அல்லது பக்கத்து மனிதனின் முழங்கை நம்மேல் படக்கூடாது என்ற எண்ணமா என்று ஒரு நிமிஷம் விசாரித்துக்கொள்வது நல்லது. உடம்பின் தேவைக்கு ஓர் எல்லை உண்டு. இத்தனை அங்குலம் போதும் என்று அது சொல்லிவிடும். அடுத்தவனிடமிருந்து விலகி உட்காரும் ஆசைக்கு எல்லை கிடையாது. நடு நாற்காலி காலியானால் பக்கத்து நாற்காலியும் காலியாக வேண்டும் என்று அது கேட்கும். அதற்கு வாங்கிக் கொடுத்துக் கட்டுப்படியாகாது.