கயிறு மாறிய குதிரைகள்



பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் லோடு ஏற்றி, புளியரை வழியாகக் கேரளத்துக்கு அனுப்புகிற வியாபாரிகள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். லாரி புறப்பட்டுவிட்டால் மனசு என்ன பாடுபடும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு போய்ச் சேர்ந்ததா, வழியில் ஏதாவது ஆனதா, ஆனால் யார் பொறுப்பு? இதே கவலையில் ஒரு பாண்டிய ராஜா தூக்கம் கெட்டிருக்கிறான். அவனுக்கு வர வேண்டிய சரக்கு குதிரை.

அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் நல்ல குதிரை கிடைப்பது அரிது. அரபு தேசத்திலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கப்பலில்தான் வர வேண்டியிருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் இந்த வியாபாரம் எப்படி நடந்தது என்று வசாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். வழியில் குதிரை செத்தாலும் பாண்டியன் கஜானாவிலிருந்தே விலையைக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். கொண்டுவருகிறவனுக்கு நஷ்டமே கிடையாது! அந்தக் குதிரைகள் இறங்கிய காயல் துறைமுகம் எங்கோ இல்லை. நம் குற்றாலத்து அருவித் தண்ணீர் சிற்றாறாகத் தென்காசியைத் தாண்டி ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து கடலுக்குப் போகிறதே, அந்த முகத்துவாரத்துப் பக்கம்தான்.

திருவாசகம் பாடிய மாணிக்கவாசகர், அதாவது வாதவூரர், காலம் அதற்கு முந்தியது. அப்போதும் பாண்டியனுக்குக் குதிரை ஆசை உண்டு. நான் முதலில் சொன்ன ராஜாவான அரிமர்த்தன பாண்டியன் தன் மந்திரி வாதவூரர் கையில் பொன்னைக் கொடுத்துக் கீழ்க்கடற்கரைக்கு அனுப்புகிறான். போன இடம் திருப்பெருந்துறை, இன்றைய ஆவுடையார்கோயில். குருந்த மரத்தடியில் குருவாக உட்கார்ந்திருந்த சிவபெருமானைப் பார்த்த மாத்திரத்தில் மந்திரி போனார், அடியார் வந்தார். குதிரைக்குக் கொண்டுபோன பொன் முழுவதும் கோயிலாகவும் அடியார் பூசையாகவும் மாறியது. ராஜாவிடமிருந்து ஓலை வருகிறது. “ஆவணி மூலத்தன்று குதிரை வரும் என்று சொல்” என்கிறார் சுவாமி. பிறகு நடந்ததைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

காட்டு நரிகள் குதிரைகளாகின்றன. சிவகணங்கள் குதிரைச் சேவகர்கள். வேதமே ஒரு குதிரையாகி நிற்க, அதன்மேல் வணிகர் தலைவனாக சொக்கநாதரே ஏறி வருகிறார். மதுரை வீதியெல்லாம் புழுதி. ராஜா ஒவ்வொரு குதிரையாகச் சுழி பார்க்கிறான், நடை பார்க்கிறான், பூரித்துப்போகிறான். பட்டாடை ஒன்றை எடுத்து வணிகருக்குப் பரிசாக நீட்டுகிறான். அவரோ கையால் வாங்கவில்லை. கையிலிருந்த செண்டுக்கோலின் நுனியால் வாங்குகிறார். ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “அது அவர்கள் நாட்டு வழக்கம், மகாராஜா” என்று வாதவூரர் சமாதானம் சொல்கிறார். மூன்று உலகத்தையும் உடுத்தியிருப்பவனுக்கு ஒரு முழப் பட்டு எதற்கு என்று அந்த ராஜாவுக்குத் தோன்றவில்லை.

அடுத்து சுவாமி சொன்னதைப் பாருங்கள். கயிறு மாறிக் கொடுக்கிறார். “குதிரைகளைப் பார்த்தாயிற்று, கயிறு உங்கள் கைக்கு வந்தாயிற்று. இனி நாளைக்கு என்ன ஆனாலும் எனக்கும் உங்களுக்கும் வழக்கில்லை” என்கிறார். சந்தையில் மாடு பிடித்தவர்களுக்கு இது புரியும். கயிறு கைமாறிவிட்டால் பேச்சு முடிந்தது. ராஜா சந்தோஷமாகச் சம்மதித்தான். உள்ளதை முன்கூட்டியே சொல்லித்தான் பகவான் கொடுத்தார். யாரையும் அவர் ஏமாற்றவில்லை. நமக்கும் அப்படித்தானே கொடுக்கிறார்? இந்த உடம்பு நிற்காது என்று ஒளித்தா வைத்தார்? நரைத்த முடி சொல்லவில்லையா, பக்கத்து வீட்டுச் சங்குச் சத்தம் சொல்லவில்லையா? நாம்தான் கயிற்றை வாங்கின சந்தோஷத்தில் காது கொடுப்பதில்லை.

அன்று ராத்திரி லாயத்தில் ஊளைச் சத்தம். வந்த குதிரைகள் அத்தனையும் நரியாகி, லாயத்தில் ஏற்கெனவே இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டுக் காட்டுக்கு ஓடின. பொழுது விடிந்தால் புதுக் குதிரை ஒன்றுகூட இல்லை. கொண்டுவந்த வணிகரும் இல்லை. அகப்பட்டவர் வாதவூரர் ஒருவர்தான். வைகை மணலில், கொளுத்தும் வெயிலில் நிறுத்திவைத்தார்கள். வைகை பெருகியதும், பிட்டு விற்ற கிழவி வந்திக்காக சுவாமி பிட்டுக்கு மண் சுமந்து பிரம்படி பட்டதும் நீங்கள் அறிந்த கதை.

ராஜா செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். குதிரைக்குச் சுழி பார்த்தான், பல் பார்த்தான். கொண்டுவந்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. தவம் செய்கிறவர்களுக்கும் கிடைக்காத தரிசனம் அவன் வாசலில் வந்து குதிரைமேல் நின்றது. அவன் கண் குதிரையின் காலிலேயே இருந்தது. வாதவூரரோ குதிரை பக்கமே திரும்பவில்லை. குதிரை போனது, மந்திரிப் பதவி போனது, பேர் போனது. கொண்டுவந்தவர் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

அந்த மகான் நம் குற்றாலத்தைப் பாடியிருக்கிறார், அம்மா! திருவாசகத்தில் திருப்புலம்பல் என்று ஒரு பகுதி. திருவாரூரில் பாடியதாகச் சொல்வார்கள். மூன்றே பாட்டு. மூன்றாவது பாட்டில் திருவாரூரில் இருந்துகொண்டு குற்றாலத்துக் கூத்தனைக் கூப்பிடுகிறார். சொந்தக்காரர்கள் வேண்டாம், ஊர் வேண்டாம், பேர் வேண்டாம், படித்தவர்கள் கூட்டமும் வேண்டாம். கன்றை நினைத்த பசுவைப் போல உன் திருவடியை நினைத்து உருகினால் போதும் என்கிறார். ஒரு காலத்தில் பாண்டிய நாட்டின் கஜானாச் சாவியை வைத்திருந்தவர் கேட்கிற வரம் இது. இழந்தவர் பேச்சாக இருந்தால் அதில் ஏக்கம் இருக்கும். இதில் ஏக்கம் துளியும் இல்லை. குதிரைகளோடு சேர்ந்து தம்முடைய ‘எனது’ என்பதையும் அவர் போக விட்டுவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குதிரைப் பொன் கோயிலுக்குப் போனதே என்று ஒரு பாண்டியன் அடியாரை வெயிலில் நிறுத்தினான். அதே பாண்டிய வம்சத்தில் வந்த பராக்கிரம பாண்டியன் 1446-இல் இந்தத் தென்காசியில் காசி விசுவநாதருக்குக் கோயில் எடுக்கத் தொடங்கினான். இந்தக் கோயிலைப் பிற்காலத்தில் காப்பவர் யாரோ, அவர் காலில் விழுகிறேன் என்று அந்தச் சக்கரவர்த்தி கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறான். கயிறு ஒருநாள் கைமாறும் என்று தெரிந்த ராஜா அவன். அவன் கோபுரம் சிதைந்து கிடந்தபோது ஊர் கூடி மறுபடி எழுப்பி, 1990-இல் குடமுழுக்கு நடத்தியது. இந்தக் கூட்டத்தில் அதற்குக் கைகொடுத்தவர்கள் இருப்பீர்கள். பாண்டியன் விழுந்தது உங்கள் காலில்தான்.

நாளைக்குக் குற்றாலத்தில் குளிக்கப் போகிறவர்கள், ஈரம் துவட்டிக்கொண்டு அப்படியே வண்டி ஏறிவிடாதீர்கள். குற்றாலநாதர் சன்னிதிக்குப் போய் நின்று, திருப்புலம்பல் மூன்று பாட்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். குழந்தைகளையும் உடன் சொல்லச் சொல்லுங்கள். திருச்சிற்றம்பலம்.