ஓடாத வண்டியின் விலை

அமெரிக்காவில் ஒரு குடும்பம் 1974ஆம் ஆண்டில் ஒரு பழைய மோட்டார் வண்டியை 6,000 டாலர் கொடுத்து வாங்கியது. 1968இல் வெளிவந்த ‘புல்லிட்’ என்னும் திரைப்படத்தில் நடிகர் ஸ்டீவ் மக்வீன் சான்ஃபிரான்சிஸ்கோ நகரத்து மேட்டுத் தெருக்களில் பறக்கவிட்ட கரும்பச்சை ஃபோர்டு மஸ்டாங் அது. வாங்கியவர்கள் அதைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் போற்றவில்லை. அவ்வீட்டு அம்மையார் ஒரு பள்ளி ஆசிரியை. அந்த வண்டியில்தான் பள்ளிக்குப் போய்வந்தார். 1977இல் மக்வீனே கடிதம் எழுதி, அதிகப் பணம் பிடிக்காதென்றால் அதைத் தாம் திரும்பப் பெற விரும்புவதாகக் கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை. 1980இல் க்ளட்ச் பழுதாயிற்று. வண்டி கொட்டகைக்குள் போயிற்று. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2020 ஜனவரியில், ஃப்ளாரிடா மாநிலத்துக் கிஸ்ஸிம்மியில் நடந்த ஏலத்தில் அது விலைபோன தொகை, கட்டணம் உட்பட, 37 லட்சத்து 40 ஆயிரம் டாலர்.

1974ஆம் ஆண்டின் 6,000 டாலர், விலைவாசி உயர்வைக் கணக்கிட்டால், 2020இல் சுமார் 31,000 டாலருக்குச் சமம். எஞ்சிய 37 லட்சம் எங்கிருந்து வந்தது? அந்த வண்டியின் மேனிக்கு யாரும் மெருகு கூட்டவில்லை. பூச்சுக்கூடப் புதிதாகப் பூசவில்லை. உரிந்தும் துருவேறியும் இருந்த அதன் மேனியே அதற்கு அணியாயிற்று. ஒரு பொருளின் மதிப்பு அப்பொருளுக்குள் இருக்கிறதா, அன்றி அதைப் பார்ப்பவன் மனத்தில் இருக்கிறதா என்னும் பழைய வினா, ஏலக்காரனின் சுத்தியல் விழும் ஓசையில் மீண்டும் எழுகின்றது.

இமாம் கஸ்ஸாலி அவர்கள் பொன்னையும் வெள்ளியையும் பற்றிச் சிந்திக்கையில் ஓர் உவமை கூறுகிறார்கள். நாணயம் கண்ணாடியைப் போன்றது; தனக்கென நிறமில்லை, எல்லா நிறங்களையும் காட்டும் என்பது அவர்கள் கருத்து. அக்கண்ணாடியை இந்த வண்டிக்கு முன் நிறுத்தினால் அதில் தெரிவது இரும்பன்று. ஒரு தலைமுறையின் இளமை.

இது வெறும் அலங்காரப் பேச்சல்ல. 1964 ஏப்ரலில் மஸ்டாங் அறிமுகமானபோது அதன் தொடக்க விலை 2,368 டாலர். தொழிலாளியின் மகனும் தவணையில் வாங்கத்தக்க விலை. முதல் ஆண்டிலேயே நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது. அதைத் தொடர்ந்து ஒவ்வொரு நிறுவனமும் சிறிய உடலில் பெரிய எஞ்சினைப் பொருத்தி இளைஞரை ஈர்த்தது. பிறகு காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்தது. பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும் அந்த வண்டிகளை அன்று சீந்துவாரில்லை. எத்தனையோ வண்டிகள் பழைய இரும்புக்காரனிடம் போய் நசுங்கின. அக்காலத்தில் பதினாறு வயதில் அவற்றை ஏக்கத்தோடு பார்த்து நின்ற பையன் ஐம்பது வயதில் செல்வனானான். விலை அப்போதுதான் ஏறியது. 1971ஆம் ஆண்டு ப்ளிமத் ஹெமி குடா திறந்த வண்டி ஒன்று 2014இல் 35 லட்சம் டாலர். மொத்தமே 20 மட்டும் செய்யப்பட்ட 1967ஆம் ஆண்டு எல்88 கார்வெட் வண்டிகளில் ஒன்று, அதே 2014இன் ஜனவரியில் 38 லட்சத்து 50 ஆயிரம் டாலர். அதற்கும் முற்பட்ட பெருஞ்செல்வர் வண்டிகளின் கதை வேறு: நடிகர் கேரி கூப்பர் ஓட்டிய 1935ஆம் ஆண்டு டூசன்பெர்க், உலகில் இரண்டே செய்யப்பட்டவற்றுள் ஒன்று, 2018இல் 2 கோடியே 20 லட்சம் டாலருக்குப் போயிற்று.

நினைவுக்கு ஆயுள் உண்டு. 1927 முதல் 1931 வரை ஏறத்தாழ ஐம்பது லட்சம் வரை செய்யப்பட்ட ஃபோர்டு ‘ஏ’ மாதிரி வண்டியை நேசித்த தலைமுறை மண்ணுக்குள் போய்விட்டது. அதைத் தேடுவோரும் குறைந்துவிட்டார்கள். வண்டி மாறவில்லை. காதலித்தவன் இல்லை, அவ்வளவே. 2008இன் பொருளாதார வீழ்ச்சியில் மேலே சொன்ன எஞ்சின் பெருத்த வண்டிகளின் விலையும் சரிந்து, பிறகு மீண்டது. 2022க்குப் பின் ஏற்றத்தின் வேகம் தணிந்தது. இவற்றைச் சேமிப்பென்று வாங்கி வைப்பவர்கள் பிறருடைய ஏக்கத்தின்மேல் வட்டி எதிர்பார்ப்பவர்களே. தம்முடைய ஏக்கத்துக்காக வாங்குபவனை என்னால் மன்னிக்க முடிகிறது. மற்றவனைப் பற்றி எனக்கு அவ்வளவு தாராளம் இல்லை.

இந்த வணிகத்தில் ‘எண் பொருந்திய வண்டி’ என்றொரு வழக்கு உண்டு. தொழிற்சாலையில் எந்த உடலோடு எந்த எஞ்சின் சேர்ந்ததோ அதே எஞ்சின், அதே எண் முத்திரையோடு இருக்க வேண்டும். அதே ஆண்டில், அதே ஆலையில், அதே வார்ப்பில் பிறந்த இன்னோர் எஞ்சினைப் பொருத்தினால் வண்டி அதே வேகத்தில்தான் ஓடும். ஓசையிலும் வேறுபாடு தெரியாது. ஆயினும் விலை பெரிதும் சரிந்துவிடும். ஒரு தோணியின் பலகைகளை ஆண்டுக்கொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் நிற்பது பழைய தோணியா, புதிய தோணியா என்று தத்துவம் பயில்வோர் கேட்பதுண்டு. மீனவனுக்கு அந்த ஐயம் வந்ததே இல்லை. கடலில் இறங்குகிறதா, கரைக்குத் திரும்புகிறதா என்பதே அவன் கேள்வி. ஏலக்கூடத்தில் கடல் இல்லை. ஆகவே அங்கே பலகையின் பிறப்புச் சான்றே தோணியாகிவிடுகிறது. சாதாரண வண்டியை வாங்கி, எண்களை அழித்து, புதிய எண் பொறித்து, அரிய வண்டியென்று விற்கும் மோசடியும் அதனால்தான் பிறந்தது. பயனுக்கு விலையிருந்தால் அந்தப் பொய்க்கு வேலை இருந்திராது. ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுமே!

இனி, வண்டியைச் செய்தவர்கள். டெட்ராய்ட் நகரில் பேக்கார்டு நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 35 லட்சம் சதுர அடிக் கட்டடம். ஆயிரக்கணக்கானோர் உழைத்த இடம். 1950களின் நடுவில் அங்கே வண்டி செய்வது நின்றது. 1958இல் பேக்கார்டு என்ற பெயரே மறைந்தது. 1950இல் பதினெட்டரை லட்சமாக இருந்த டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 2010இல் ஏழு லட்சத்துச் சொச்சம் ஆயிற்று. 2013 ஜூலையில் அந்நகரம் திவாலானது. அதே ஆண்டில், வரிபாக்கிக்காக நடந்த ஏலத்தில் பேக்கார்டு தொழிற்சாலை 4 லட்சத்து 5 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. அந்நிறுவனம் செய்த வண்டிகளில் ஒன்றே 10 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனதுண்டு. அதாவது, தொட்டிலைவிடக் குழந்தை விலையுயர்ந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்; ஆனால் அந்தத் தொட்டிலைச் சுற்றி ஒரு நகரமே குடியிருந்தது. அண்டையிலிருந்த ஹைலண்டு பார்க்கில், ஃபோர்டு ஆலையின் கூலியை நம்பி அரபு நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம்கள் குடியேறியிருந்தனர். 1921லேயே அங்கு ஒரு பள்ளிவாசல் எழுந்தது. வண்டியின் எண்களை ஆராய்வோர் ஏட்டில், அந்த எஞ்சினைத் தூக்கிப் பொருத்திய கைகளுக்கு ஒரு வரியும் இல்லை.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். “என் பணம், நான் வாங்குகிறேன். நான் வாங்காவிட்டால் அது துருப்பிடித்து அழியும். என்னால் பத்து மெக்கானிக்குகள் பிழைக்கிறார்கள். நகரம் வீழ்ந்ததற்கு நானா காரணம்?” இதில் பெரும்பகுதி உண்மை. விலையேற்றம் இல்லையேல் பல வண்டிகள் இன்று இரா. தகடு தட்டவும் தோல் தைக்கவும் தெரிந்த கைவினைஞர் பலர் அதனால்தான் தொழிலை விடாமல் இருக்கிறார்கள். ஏலத்தில் வாங்கியவன் எவரிடமும் எதையும் பறிக்கவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. கஸ்ஸாலி அவர்கள் அதே இடத்தில், நாணயத்தைப் பூட்டி வைப்பவன் நீதிபதியைச் சிறையில் அடைத்தவனைப் போன்றவன் என்கிறார்கள். வழக்குத் தீர்க்க வந்தவரை வழக்குத் தீர்க்கவிடாமல் செய்கிறான் அவன். ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட ஒன்றை ஓடவிடாமல் வைப்பதும் அத்தகையதே. கொடுமை என்னவென்றால், இங்கே பூட்டுப் போடுவது உடையவனின் கஞ்சத்தனம் அன்று. விலையே பூட்டுகிறது. 6,000 டாலர் வண்டியில் ஒரு ஆசிரியை பள்ளிக்குப் போகலாம். 37 லட்சம் டாலர் வண்டியில் அவர் போக முடியுமா? மழை பெய்தால் அச்சம், எதிரே லாரி வந்தால் அச்சம், சக்கரம் சுழன்ற ஒவ்வொரு மைலும் நட்டம். விலை ஏறிய நாள் முதல் உடையவன் காவலாளி ஆகிவிடுகிறான். சம்பளமில்லாத காவலாளி. சொத்தைக் காக்கும் சுமை செல்வர்க்குப் புதிதல்ல. அச்சுமையை ஒரு தொழிலாளியின் வண்டிமீது ஏற்றி வைத்ததே புதிது.

அந்த மஸ்டாங்கின் மைல்கணக்குக் கருவி சுமார் 65,000 மைல் காட்டியது. திரைப்படத்தில் அது ஓடியது சில நிமிடங்கள். மீதியெல்லாம் அங்காடிக்கும் பள்ளிக்கும் வீட்டுக்குமாக ஓடிய ஓட்டம். ஏலக்கூடத்தில் விலை கேட்டவர்கள் அந்தச் சில நிமிடங்களுக்கு விலை கொடுத்தார்கள். ஆசிரியை ஓட்டிய மைல்களுக்கு எவரும் விலை கேட்கவில்லை.